எந்த நிலத்துக்கு எந்த ரை புல்? வாசகர் கேள்வி – பதில்

தீவனப் புல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ரை புல்லைப் பற்றியவை மட்டுமே ஒரு தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. அவற்றில் பாதி, "இருப்பதிலேயே சிறந்த ரகம் எது?" என்ற ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள். அந்தக் கேள்விக்கு நேரான விடை கிடையாது. "என் நிலத்தில் ஆண்டின் மிக மோசமான மாதத்தை எந்த ரகம் தாங்கும்?" என்று கேட்டால் விடை சொல்ல முடியும். நல்ல மாதத்தில் எல்லா ரகமும் பச்சையாகத்தான் இருக்கும். கீழேயுள்ள பதில்கள் அந்த மோசமான மாதத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: பல்லாண்டு ரை புல், இத்தாலிய ரை புல், வெஸ்டர்வோல்ட், கலப்பின ரை புல் என்று நான்கு பெயர்களைச் சொல்கிறார்கள். இவை ஒரே புல்லின் ரகங்களா, வெவ்வேறு புற்களா? எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

பதில்: ரகப் பெயரைப் பார்க்கும் முன் இந்த நான்கில் எது வேண்டும் என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். தவறான வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதற்குள் எவ்வளவு உயர்ந்த ரகத்தை வாங்கினாலும் பயனில்லை.

லோலியம் பெரென்னி என்ற தாவரப் பெயர் கொண்ட பல்லாண்டு ரை புல், ஒத்துவரும் தட்பவெப்பத்தில் பல ஆண்டுகள் நிற்கும். அடர்த்தியாகத் தூர் கட்டும். தாழ்வாக மேய்ந்தாலும் மீண்டு வரும். லோலியம் மல்டிஃப்ளோரம் எனப்படும் இத்தாலிய ரை புல் வேறோர் இனம். அது விரைவாக முளைத்து, உயரமாக வளர்ந்து, பல்லாண்டுப் புல்லைவிடக் குளிர்ந்த நாட்களிலும் தீவனம் தரும். ஆனால் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஓய்ந்துவிடும். வெஸ்டர்வோல்ட் என்பது இந்த இத்தாலிய இனத்துக்குள்ளேயே, நெதர்லாந்தின் வெஸ்டர்வோல்டே பகுதியில் தெரிந்தெடுக்கப்பட்டு உருவான ஓராண்டு வகை. கலப்பின ரை புல் பல்லாண்டு வகையையும் இத்தாலிய வகையையும் இணைத்து உருவாக்கப்பட்டது. ஆயுளிலும் குணத்திலும் இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

இவற்றுக்கு இடையே விவசாயிக்கு மிகவும் முக்கியமான வேறுபாடு பூப்பதில் இருக்கிறது. பல்லாண்டு வகையும் இத்தாலிய வகையும் கதிர் விடுவதற்கு முன் சில வாரக் குளிரை அனுபவித்திருக்க வேண்டும். குளிர்காலம் முடிந்த பிறகு விதைத்தால், அந்த ஆண்டு அவை பெரும்பாலும் இலையாகவே நின்று தீவனம் தரும். வெஸ்டர்வோல்டுக்கு அந்தக் குளிர் தேவையில்லை. எப்போது விதைத்தாலும் அதே பருவத்தில் கதிர் விட்டுத் தன் கதையை முடித்துக்கொள்ளும். ஆகவே, குறுகிய குளிர்ப் பருவத்தில் மூன்று நான்கு அறுவடை எடுத்துவிட்டு நிலத்தை அடுத்த பயிருக்கு விட வேண்டியவருக்கு வெஸ்டர்வோல்ட் ஏற்றது. ஓர் ஆண்டுக்கு மேல், ஆனால் நிரந்தரம் என்று சொல்ல முடியாத காலத்துக்கு வேண்டுமென்றால் இத்தாலிய வகை. மேய்ச்சல் நிலமாகவே வைத்திருக்கப் போகிறவருக்குப் பல்லாண்டு வகை, அதுவும் கோடை அதைக் கொல்லாத இடமாக இருந்தால் மட்டும்.

வாங்கிய விதை சொன்ன வகைதானா என்ற ஐயம் இருந்தால், முளைத்த பின் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வெளிவரும் இளம் இலை பல்லாண்டு வகையில் நடுவே மடிந்திருக்கும். இத்தாலிய வகையில் சுருண்டிருக்கும். கதிர் வந்தால் இன்னும் எளிது: இத்தாலிய வகையின் பூக்களில் மெல்லிய கூர்முடி உண்டு, பல்லாண்டு வகையில் அது பொதுவாக இராது.

கேள்வி: ரை என்ற தானியமும் ரை புல்லும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. தானியமான ரை வேறு பேரினத்தைச் சேர்ந்தது. கோதுமைக்கு நெருங்கிய உறவு. தீவனத்துக்காக அதையும் விதைக்கிறார்கள் என்பதாலும் பெயர் ஒத்திருப்பதாலும் குழப்பம் நேர்கிறது. விதையைப் பார்த்தாலே போதும்: ரை தானியம் கோதுமை அளவுக்குப் பருத்திருக்கும்; ரை புல்லின் விதையோ ஆயிரம் எண்ணினால்தான் ஏறத்தாழ 2 கிராம் வரும்.

கேள்வி: எங்கள் பகுதியில் குளிர்காலம் இதமானது, கோடையில் பல வாரங்கள் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். பாசன வசதி உண்டு. பல்லாண்டு ரை புல்லை நிரந்தரமாக வைத்திருக்க முடியுமா?

பதில்: முடியாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் இருப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் இங்கே தடையாக இருப்பது வறட்சி மட்டுமன்று, வெப்பமே ஒரு தனித் தடை. மண்ணின் வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ரை புல் வளரத் தொடங்குகிறது. 18 முதல் 20 டிகிரி வரையான வெப்பத்தில் நன்றாக வளர்கிறது. 25 டிகிரிக்கு மேல் தளர்கிறது. 30 டிகிரியைக் கடந்தால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இரவும் சூடாக இருந்தால் நிலைமை மேலும் கெடும், ஏனெனில் பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி இரவில் சுவாசித்தே தீர்த்துவிடுகிறது. அந்த நிலையில் அடிக்கடி நீர் பாய்ச்சினால், ஈரமும் சூடும் சேர்ந்து நோய்க்கு வழி திறக்கும்.

உங்கள் இடத்தில் ரை புல்லைக் குளிர்ப் பருவப் பயிராக மட்டுமே நினைக்க வேண்டும். மழைக்காலத்தின் சூடு தணிந்து, இரவுகள் குளிரத் தொடங்கும்போது வெஸ்டர்வோல்ட் அல்லது இத்தாலிய வகையை விதைத்து, கோடை தொடங்கும் வரை அறுத்துக்கொண்டு, பின்னர் வெப்பம் விரும்பும் புல்லுக்கு நிலத்தை விட்டுவிடுவது நல்லது. பெர்முடா புல் போன்ற கோடைப் புல் ஏற்கெனவே நிற்கும் நிலத்தில், அதைத் தாழ்வாக வெட்டிவிட்டு அதன்மேலேயே ஓராண்டு ரை புல்லைத் தூவும் முறை வெப்பமான நாடுகளில் நன்கு பழகிப்போன ஒன்று.

இப்படி விதைக்கும்போது ரகத் தேர்வில் துரு நோயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதமான, ஈரப்பதமுள்ள குளிர்காலத்தில் கிரீடத் துரு என்னும் நோய் இலை முழுதும் செம்மஞ்சள் பொடி படியச் செய்து, ஆடுமாடுகள் வாய் வைக்காதபடி ஆக்கிவிடும். அமெரிக்காவின் தென்பகுதியில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டுவரும் இரண்டு ஓராண்டு ரகங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உருகுவேயின் ரகம் ஒன்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட 'கல்ஃப்', துருவை எதிர்ப்பதற்காகவே பெயர் பெற்றது. ஆனால் கடும் உறைபனியில் வீழ்ந்துவிடும். 'மார்ஷல்' உறைபனியை நன்றாகத் தாங்கும். துருவுக்கு எளிதில் ஆளாகும். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், கடலோரத்து இதமான குளிர்காலத்தில் இருப்பவரும் உள்நாட்டுப் பனியில் இருப்பவரும் இரு வேறு விடைகளைச் சொல்வார்கள். இருவரும் சொல்வது சரியாகவே இருக்கும். உங்கள் விவரங்களை வைத்துப் பார்த்தால் துரு எதிர்ப்புதான் உங்களுக்கு வேண்டியது.

இன்னொரு எச்சரிக்கை: குளிர் வந்துவிட்டது என்று அவசரப்பட்டு, வெப்பமும் ஈரமும் இன்னும் நீங்காத நாட்களில் விதைத்துவிடாதீர்கள். இளம் நாற்றைச் சில நாட்களிலேயே கருக்கிவிடும் சாம்பல் இலைப்புள்ளி நோய் அந்தச் சூழலில்தான் தாக்குகிறது. நெல்லில் குலை நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு இது நெருங்கிய சொந்தம்.

கேள்வி: நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஆனால் உயரமான மலையில் இருக்கிறோம். பகல் 22, 23 டிகிரி. இரவு 10, 12. ஆண்டு முழுதும் ஏறக்குறைய இதே நிலை. ஐரோப்பாவில் சிறந்ததாகச் சொல்லப்படும் ரகத்தையே வாங்கலாமா?

பதில்: வெப்பநிலையைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்து வைத்தவர், பல்லாண்டு ரை புல் இதைவிட நல்ல இடத்தைக் கேட்க முடியாது. ஆனால் ஐரோப்பியப் பட்டியலில் உள்ள சில எண்கள் உங்களுக்குப் பொருந்தா. அங்கே ரகங்களை முற்கதிர், இடைக்கதிர், பின்கதிர் என்று கதிர் வரும் நாளை வைத்துப் பிரிக்கிறார்கள். கதிர் வருவதற்குக் குளிரும், அதன் பின் நீளும் பகலும் தூண்டுகோல். உங்கள் ஊரில் கடுங்குளிரும் இல்லை, பகலின் நீளமும் அதிகம் மாறுவதில்லை. ஆகவே பல ரகங்கள் அரிதாகவே கதிர் விடும். தீவனத்துக்கு இது நல்லதே, ஏனெனில் புல் எப்போதும் இலையாகவே இருக்கும். விதை உதிர்ந்து இடைவெளிகள் தாமாக நிரம்பும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வெற்றிடம் தெரிந்தால் நீங்களேதான் மேல்விதைப்பு செய்ய வேண்டும்.

மழையின் பங்கீட்டையும் பாருங்கள். இந்தப் புல்லின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் பெய்தும் அதில் மூன்று மாதம் துளிகூட இல்லையென்றால், 800 மில்லிமீட்டர் மழை சீராகப் பெய்யும் இடத்தைவிட உங்கள் நிலம் இந்தப் புல்லுக்கு மோசமானது. மலைப்பகுதிகளில் மேகமும் பனிமூட்டமும் அதிகம் என்பதால் துரு எதிர்ப்பை இங்கும் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: குளிர்காலத்தில் மழை, கோடையில் முற்றிலும் வறட்சி. ஒவ்வொரு கோடையிலும் பாதிப் புல் செத்துவிடுகிறது. வறட்சியைத் தாங்கும் ரகம் என்று எதையாவது சொல்ல முடியுமா?

பதில்: 'வறட்சியைத் தாங்கும்' என்று பையில் அச்சடிப்பது எளிது. ரை புல்லில் உண்மையில் தேட வேண்டியது வறட்சியை எதிர்த்து நிற்கும் ரகத்தையன்று. வறட்சிக்கு முன்பே வேலையை முடித்துவிட்டு உறங்கப் போகும் ரகத்தை. இதை அறிய ரகத்தின் பூர்வீகத்தைப் பாருங்கள். வடமேற்கு ஐரோப்பாவின் வழிவந்த ரகங்கள் குளிர்காலத்தில் உறங்கிக் கோடையில் வளரும் பழக்கம் உள்ளவை. அங்கே கோடையில்தான் இதமான வெப்பமும் மழையும் சேர்ந்து கிடைக்கின்றன. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நிலங்களில் தோன்றியவை இதற்கு நேர்மாறு: குளிர்காலத்தில் தீவிரமாக வளர்ந்து, சீக்கிரம் கதிர் விட்டு, கோடையில் அடங்கி, முதல் மழைக்கு மீண்டும் துளிர்க்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாம் வகை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாக நின்று பழகிய 'விக்டோரியன்' என்ற பழைய பல்லாண்டு வகை, இவ்வாறு சீக்கிரம் கதிர்விட்டு வறட்சியைக் கடக்கும் பழக்கத்தாலேயே நிலைத்தது. நியூசிலாந்தின் பயிர்ப்பெருக்க வல்லுநர்கள், குளிர்கால வளர்ச்சியைக் கூட்டுவதற்காக ஸ்பெயினின் வடமேற்குப் பகுதியிலிருந்து கொண்டுவந்த செடிகளைத் தங்கள் ரகங்களோடு சேர்த்தார்கள்.

ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டருக்கும் குறைவு, பாசனமும் இல்லை என்றால், பல்லாண்டு ரை புல்லின் மீதுள்ள பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். ஆழமாக வேர்விடும் டால் ஃபெஸ்க்யூ, காக்ஸ்ஃபுட் போன்ற புற்களை நிரந்தரப் புல்லாக வைத்து, ஒரு பகுதி நிலத்தில் மட்டும் ஒவ்வொரு குளிர்காலமும் ஓராண்டு ரை புல் விதைப்பது அமைதியான வழி. ஃபெஸ்க்யூவையும் ரை புல்லையும் கலந்து உருவாக்கிய ஃபெஸ்டுலோலியம் ரகங்களும் உண்டு. அவற்றுள் சில ரை புல்லின் குணத்தையும் சில ஃபெஸ்க்யூவின் குணத்தையும் மிகுதியாகக் கொண்டிருப்பதால், எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

செத்துப்போகும் புல்லுக்கு ரகம் மட்டுமே காரணமாக இராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோடை தொடங்கும் தறுவாயில் தரையோடு தரையாக மேய விட்டால், தண்டின் அடியில் சேமித்துள்ள சர்க்கரையைச் செடி இழந்துவிடும். 4, 5 சென்டிமீட்டர் அடிக்கட்டையை விட்டுவைத்து, ஒவ்வொரு தூரிலும் புதிதாக இரண்டிலிருந்து மூன்று இலை வந்த பின்னரே அடுத்த மேய்ச்சலுக்கு விடுங்கள். மேய்ச்சல் முறையால் நேர்ந்த சாவுக்கு ஆண்டுதோறும் விதையை மாற்றிக்கொண்டிருப்பவர்களை நிறையவே காண்கிறோம்.

கேள்வி: இருமடியம், நான்மடியம் என்று விதைப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். நான்மடியம் இனிப்பானது, மாடுகள் விரும்பி உண்ணும் என்கிறார்கள். எங்கள் நிலம் கனமான களிமண், மழையில் சேறாகிவிடும். எதை வாங்குவது?

பதில்: இயற்கையான ரை புல்லின் உயிரணுவில் 14 குரோமோசோம்கள் உண்டு; இது இருமடியம். கோல்கிசின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு அதை 28 ஆக இரட்டித்து உருவாக்கியவை நான்மடியங்கள். குரோமோசோம் பெருகியதால் உயிரணு பெரிதாகிறது. அதனுள் நீரும் கரையும் சர்க்கரையும் கூடுகின்றன. இலை அகலமாகவும் கரும்பச்சையாகவும் இருக்கிறது. மாடுகள் விரும்புவது உண்மைதான். ஆனால் தூர்களின் எண்ணிக்கை குறைவு. புற்பரப்பில் இடைவெளி தெரியும். நீர்ச்சத்து அதிகமாதலால் ஒரு கூடைப் புல்லில் உலர் பொருள் சற்றுக் குறைவு.

உங்கள் களிமண்ணில் இந்த இடைவெளிதான் சிக்கல். ஈரத்தில் மாட்டின் குளம்பு பதியும்போது, அடர்ந்த புல்லின் வேர்ப்பின்னல்தான் மண்ணைத் தாங்குகிறது. இருமடிய ரகம் அந்த வேலையைச் செய்யும். நான்மடியம் சேற்றோடு சேர்ந்து மிதிபடும், இடைவெளியில் களை புகும். ஆகவே உங்கள் நிலத்துக்கு இருமடியமே முதுகெலும்பாக இருக்கட்டும். இனிப்பை விட மனமில்லையென்றால், விதை எடையில் நான்கில் ஒரு பங்கு நான்மடியத்தைக் கலந்துகொள்ளலாம். வடிகால் நன்றாக உள்ள, வளமான, வெள்ளைக் குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடியையும் சேர்த்து வளர்க்க விரும்பும் நிலமாக இருந்திருந்தால் இதற்கு மாறாகச் சொல்லியிருப்பேன். அங்கே அந்த இடைவெளியே குளோவருக்கு இடமாகிறது.

விதையளவில் ஒரு கணக்கு பலருக்கும் தவறிவிடுகிறது. இருமடிய விதை ஆயிரம் ஏறத்தாழ 2 கிராம். நான்மடிய விதை ஏறத்தாழ 3.5 கிராம். எக்டேருக்கு 20 கிலோ வீதம் இரண்டையும் விதைத்தால், முதலாவதில் 1 கோடி விதைகள் விழுகின்றன, இரண்டாவதில் 57 லட்சம்தான். எனவே நான்மடியத்துக்கு எடையை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூட்டியே விதைக்க வேண்டும். எதுவானாலும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள்.

களிமண்ணில் தண்ணீர் நாட்கணக்கில் தேங்குமானால் வேறொரு செய்தியும் கவனிக்கத்தக்கது: ஈரமான, வடிகால் குறைந்த மண்ணைப் பல்லாண்டு வகையைவிட ஓராண்டு வகைகள் பொறுத்துக்கொள்ளும். வாய்க்கால் எடுக்க முடிந்தால் எடுப்பதே மேல்.

கேள்வி: மண் பரிசோதனையில் அமிலகார எண் 5.1 என்று வந்துள்ளது. அமிலத்தைத் தாங்கும் ரகம் உண்டா?

பதில்: இது ரகத்தால் தீர்க்க வேண்டிய சிக்கலன்று, சுண்ணாம்பால் தீர்க்க வேண்டியது. ரை புல்லுக்கு 6.0 முதல் 6.5 வரை மிக நன்று, 5.5 வரை ஓரளவு சமாளிக்கும். அதற்குக் கீழே போகப் போக, மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்குகிறது. பாஸ்பரசும் செடிக்குக் கிடைக்காமல் மண்ணோடு பிணைந்துகொள்கிறது. சுண்ணாம்பு மெதுவாகவே கரையும் என்பதால், விதைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இட்டு மேல்மண்ணில் கலந்துவிட வேண்டும். எவ்வளவு என்பது மண்ணின் களித்தன்மையைப் பொறுத்து மாறும். பரிசோதனை நிலையத்தில் சுண்ணாம்புத் தேவையையும் கேட்டு வாங்குங்கள், அமிலகார எண்ணை மட்டும் வைத்து ஊகிக்காதீர்கள். ரை புல் தழைச்சத்துக்குப் பசித்த புல் என்பதையும் நினைவில் வையுங்கள். வளமற்ற நிலத்தில் எந்தப் புதிய ரகத்தை விதைத்தாலும், சில ஆண்டுகளில் அந்நிலத்தின் பழைய புற்களே அதைத் தள்ளிவிட்டு இடம்பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: உவர் நிலம். மண்ணின் செறிவுச் சாற்றில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 8 டெசிசீமென்ஸ். ரை புல்லும் குளோவரும் கலந்து விதைக்கலாமா?

பதில்: ரை புல் விதைக்கலாம், குளோவர் வேண்டாம். பல்லாண்டு ரை புல் உப்பை ஓரளவு தாங்கும் பயிர். மின்கடத்துதிறன் 5.6 வரை விளைச்சல் குறைவதில்லை. அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 7.6 சதவீதம் குறைகிறது. உங்கள் 8 என்ற அளவில் இழப்பு 18 சதவீதம் அளவில் இருக்கும், ஏற்கத்தக்கதே. குளோவருக்கோ 1.5 தாண்டியதுமே இழப்பு தொடங்கி, அலகுக்கு 12 சதவீதமாகச் சரிகிறது. 8இல் அதன் விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். முளைக்கும் பருவத்தில் புல் உப்புக்கு அதிகம் அஞ்சும் என்பதால், நல்ல மழை மேல்மண்ணின் உப்பைக் கீழே இறக்கிய உடனே விதையுங்கள்.

கேள்வி: ரை புல் நிலத்தில் மேய்ந்த ஆடுகள் தலை நடுங்கித் தள்ளாடி விழுந்தன. புல்லுக்குள் பூஞ்சை இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். ஆனால் விதை விற்பவரோ, பூஞ்சை உள்ள விதைதான் உயர்ந்தது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரி. இந்தப் பகுதியில் வந்த கேள்விகளிலேயே நான் மிகவும் விரும்பியது இதுதான். பல்லாண்டு ரை புல்லின் உள்ளே, வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் ஒரு பூஞ்சை வாழ்கிறது. எண்டோஃபைட் எனப்படும் இந்த உள்வாழ் பூஞ்சை, விதை வழியாகத் தாய்ச் செடியிலிருந்து மகவுக்குப் போகிறதே தவிர, ஒரு செடியிலிருந்து பக்கத்துச் செடிக்குத் தொற்றுவதில்லை. தங்க இடமும் உணவும் தரும் புல்லுக்கு, அது பூச்சிகளை விரட்டும் நஞ்சுகளை உண்டாக்கித் தருகிறது.

அந்த நஞ்சுகளில் ஒன்றான லோலிட்ரெம் பி பூச்சியோடு நிற்பதில்லை; ஆடு, மாடு, குதிரை ஆகியவற்றுக்கு நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்குகிறது. 1981இல் நியூசிலாந்தில்தான் இந்தத் தள்ளாட்ட நோய்க்கும் பூஞ்சைக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. அப்படியானால் பூஞ்சையில்லாத விதையை விதைத்துவிடலாமே என்று முயன்றபோது, அர்ஜென்டினத் தண்டு வண்டு அந்தப் புல்லை அழித்தது. காத்து நின்றது பூஞ்சைதான் என்பது அப்போது தெளிவாயிற்று. அதன்பின் ஆய்வாளர்கள், பூச்சியை விரட்டி, கால்நடைக்குத் தீங்கைக் குறைக்கும் பூஞ்சை வகைகளைத் தேடிப் பிரித்து, புல்லுக்குள் செலுத்தினார்கள். 'ஏஆர்1' என்ற வகை வண்டை விரட்டும் பெராமினை உண்டாக்குகிறது, லோலிட்ரெம் பி-யை உண்டாக்குவதில்லை. 'ஏஆர்37' இன்னும் பல பூச்சிகளிடமிருந்து காக்கும். எனினும் அதை மேயும் ஆடுகளில் சில வேளை தள்ளாட்டம் தோன்றலாம்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது "பூஞ்சை உண்டா?" என்பதன்று, "எந்த வகைப் பூஞ்சை?" என்பதே. உங்கள் பகுதியில் புல்லின் தண்டையும் வேரையும் தாக்கும் பூச்சிகள் மிகுதி என்றால், தீங்கு குறைந்த பூஞ்சை வகை கொண்ட விதையை வாங்குங்கள். அத்தகைய பூச்சிகள் இல்லாத இடத்தில் பூஞ்சையற்ற விதையே போதும். தள்ளாடும் ஆடுகளை அந்த நிலத்திலிருந்து விலக்கி, விரட்டாமல், மிரட்டாமல் வேறு தீவனம் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். குளம், பள்ளம் அருகில் மட்டும் விடாதீர்கள், தள்ளாட்டத்தால் சாவதைவிட விழுந்து சாவதுதான் அதிகம். நஞ்சு இலையின் அடிப்பகுதியிலும் கதிரிலும் செறிந்திருப்பதால், அடிவரை மேய விடுவதும் ஆபத்து.

பூஞ்சையுள்ள விதையைச் சூடும் ஈரமும் உள்ள கிடங்கில் வைத்தால், விதை உயிரோடிருக்க, பூஞ்சை மட்டும் செத்துவிடும். முளைப்புத் திறன் நன்றாயிருக்கிறது என்று நம்பிப் பழைய விதையை விதைப்பவர் இதை அறிவதே இல்லை. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து, அந்தப் பருவத்துக்குள் பயன்படுத்துங்கள்.

கேள்வி: புல்தரைக்கென்று விற்கும் ரை புல் விதை மலிவாகக் கிடைத்தால் மேய்ச்சலுக்கு விதைக்கலாமா?

பதில்: கூடாது. புல்தரை ரகங்கள் குட்டையாகவும் நுண்ணிலையாகவும் மிதிபடுவதைத் தாங்கும்படியும் உருவாக்கப்பட்டவை. விம்பிள்டன் டென்னிஸ் களங்கள் 2001 முதல் முழுக்கப் பல்லாண்டு ரை புல்லாலேயே ஆனவை, ஆடும்போது அங்கே புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட குணத்தைத் தேடித் தெரிந்தெடுத்த ரகத்தில் தீவன விளைச்சலை எதிர்பார்க்க முடியாது. அதைவிட முக்கியமானது, பூச்சி எதிர்ப்புக்காக இந்த ரகங்கள் பலவற்றில், முந்தைய பதிலில் சொன்ன நஞ்சு தரும் பூஞ்சையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஊறுகாய்ப் புல் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் தீவனம்) தயாரிக்க முற்கதிர் ரகமா, பின்கதிர் ரகமா?

பதில்: கோடை சீக்கிரம் வந்து சுட்டுவிடும் இடமென்றால் முற்கதிர், கோடையும் ஈரமாகவும் இதமாகவும் இருக்குமென்றால் பின்கதிர். பின்கதிர் ரகங்கள் பொதுவாக அடர்த்தியானவை, இலை மிகுந்தவை, நெடுநாள் நிற்பவை. எதுவாயினும், கதிர் வெளிவந்த பிறகு செரிமானத் தன்மை நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை சதவீதப் புள்ளி வீதம் குறைந்துகொண்டே போகும். ஆகையால் கலந்து விதைக்கும் ரகங்கள் ஒன்றுக்கொன்று ஒரு வார இடைவெளிக்குள் கதிர் விடுபவையாக இருக்கட்டும். ஏழெட்டு ரகங்களைக் கலந்தால் பாதுகாப்பு என்ற எண்ணத்தில் சிலர் எழுதியிருக்கிறார்கள்; மூன்றுக்கு மேல் போனால், அறுப்பதற்குச் சரியான நாள் என்று ஒன்றே இல்லாமல் போய்விடும்.

கேள்வி: பரிந்துரைப் பட்டியல்களை எப்படிப் படிப்பது? எங்கள் பகுதிக்கென்று பட்டியலே இல்லையென்றால் என்ன செய்வது?

பதில்: முதலில் சோதனை எங்கே நடந்தது என்று பாருங்கள், விளைச்சல் எண்ணைப் பிறகு பார்க்கலாம். நியூசிலாந்தின் தீவன மதிப்புக் குறியீடு நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து ரகங்களைத் தனித்தனியே தரப்படுத்துகிறது. ஒரே நாட்டுக்குள்ளேயே வரிசை மாறுகிறது என்றால், இன்னொரு கண்டத்தின் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்வது எவ்வளவு பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்து, ஆண்டு மொத்த விளைச்சலைவிடப் பருவவாரியான விளைச்சலைப் பாருங்கள். மொத்தத்தில் முதலிடம் பெற்ற ரகம், உங்களிடம் ஏற்கெனவே புல் மிஞ்சிக் கிடக்கும் பருவத்தில் அதைக் கொட்டியிருக்கலாம். தீவனத்துக்குத் திண்டாடும் மாதத்தில் சற்றுக் கூடுதலாகத் தரும் ஐந்தாம் இடத்து ரகம் உங்களுக்கு மேலானது. முதல் ஆண்டு எண்ணை மட்டும் காட்டும் பட்டியலை நம்பாதீர்கள். பல்லாண்டுப் புல்லில் மூன்றாம் ஆண்டு எண்தான் பேசும்.

பட்டியல் இல்லாத இடத்தில் உங்கள் நிலமே சோதனைக் களம். நிலத்தின் சராசரியான பகுதியில், மேட்டையும் பள்ளத்தையும் குறுக்காகக் கடக்கும்படி, மூன்று ரகங்களை ஒரே நாளில், ஒரே விதையெண்ணிக்கையில் நீள்பட்டைகளாக விதையுங்கள். எந்தப் பட்டை எந்த ரகம் என்று முளைக்கோலில் எழுதி நட்டுவிட்டு, அதே வரைபடத்தைத் தாளிலும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் முளைக்கோலை மாடு தின்னாவிட்டாலும் மிதித்துவிடும். மூன்றையும் ஒரே நேரத்தில் மேய விடுங்கள், ஒரே உரம் இடுங்கள். மோசமான மாதம் கழிந்து, மூன்று வாரம் ஆன பின், அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றை ஒவ்வொரு பட்டையிலும் பத்து இடத்தில் வைத்து, வெறும் மண் எவ்வளவு தெரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இதையே இரண்டாம் ஆண்டும் அதே மாதத்தில் செய்த பிறகு பெரிய நிலத்துக்கு விதை வாங்கலாம்.